பாம்புச்செவியும் ஆறு மடங்குக் கூலரும்

கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் பாம்புச்செவி தன் மனைவியை வாதத்தில் ஜெயித்தது இரண்டே முறை. ஒரு முறை அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை அவள் வீட்டிலேயே இல்லை. மூன்றாவதாக, அவள் முழித்துக்கொண்டு எதிரில் நிற்கும்போதே ஜெயித்துக் காட்டுவது என்று அவர் முடிவு கட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. கம்ப்யூட்டர் அலற ஆரம்பித்ததும் அதே நேரத்தில்தான்.

பாம்புச்செவி என்பது தொழில் கொடுத்த பட்டம். மனிதர் புத்தகங்களை வாசித்து, பதிவு செய்து, ஒலிப்புத்தகமாக்கிக் கொடுப்பவர். அடுத்த தெருவில் ஊசி விழுந்தால் அது தையல் ஊசியா, டாக்டர் ஊசியா என்று இங்கிருந்தே சொல்லிவிடுவார் என்று ஸ்டூடியோக்களில் ஒரு காலத்தில் பேச்சு இருந்தது. இப்போது அந்தப் பேச்சும் இல்லை, ஸ்டூடியோக்களும் இல்லை. மெஷினே மனுஷக் குரலில் வாசித்துத் தள்ளுகிறது. அதற்குத் தொண்டை கட்டாது, சம்பளமும் கேட்காது. மிச்சமிருப்பது வீட்டின் கடைசி அறை, சுவரெல்லாம் ஒட்டிய பஞ்சுப் பலகை, ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், ஒரே ஒரு பதிப்பாளர், அப்புறம் அந்தக் காது. காதை விட்டால் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவரிடம் வேறு எதுவும் கிடையாது. தலையில் முடிகூடக் கிடையாது.

அன்றைக்குக் கதாநாயகி சாகக் கிடக்கிறாள். குரலைத் தாழ்த்தி, "என்னை மறந்துவிடு..." என்று இவர் உருகிய நேரத்தில் பெட்டிக்குள்ளிருந்து கர்ர்ர் என்று ஒரு சத்தம். மறுபடி உருகினார். மறுபடி கர்ர்ர். ஐந்தாம் தடவை கதாநாயகியே எழுந்து ஓடிவிடுவாள் போலிருந்தது. மச்சானுக்குப் போன் போட்டார்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். வந்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தான்.

"மாமா, ப்ராசஸர் கூலர் போயிடுச்சு. ப்ராசஸர்தான் இதுக்கு மூளை. அந்தச் சூட்டை இறக்கறது இந்த விசிறி. பேரிங் தேஞ்சு போச்சு. புதுசு மாட்டணும்."

"என்ன இருக்கு?"

"சாதா ஒண்ணு இருக்கு. உங்க வேலைக்கு அது போதும். இல்லேன்னா இது." போனில் படம் காட்டினான். தகடு தகடாக அடுக்கிய இரட்டை மாடி. நடுவில் ஒரு விசிறி, முன்னால் ஒரு விசிறி. பாம்புச்செவிக்குப் பெண் பார்க்கப் போன அன்றைக்குக்கூட நெஞ்சு அப்படி அடித்துக்கொள்ளவில்லை.

"விலை?" என்று கிசுகிசுத்தார்.

"சாதாவைவிட ஆறு மடங்கு," என்று மச்சானும் கிசுகிசுத்தான்.

"எதுக்கு ஆறு மடங்கு?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. நடுவில் இரண்டு கதவு, ஒரு கூடம், ஓடிக்கொண்டிருக்கிற மிக்ஸி. பட்டம் கொடுத்தவர்கள் ஆள் மாறிக் கொடுத்துவிட்டார்கள்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஒண்ணுமில்ல. ஒரு கூலர் வாங்கணும்."

"யாருக்கு?"

"கம்ப்யூட்டருக்கு."

"ஏன், அது அடுப்படியிலயா நிக்குது?"

"உள்ள எண்பத்தஞ்சு டிகிரி கொதிக்குதுடி!"

"நான்கூடத்தான் பதினெட்டு வருஷமா கொதிக்கிறேன். எனக்கு எத்தனை விசிறி வாங்கி மாட்டினீங்க?"

மச்சான் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டான். அக்காவும் மாமாவும் பேசும்போது அவன் தலையை எங்கேயாவது விட்டுக்கொள்வது வழக்கம்.

"இது சூட்டுக்காக மட்டும் இல்ல. சத்தம்! சாதா கூலர் இரையும். அந்த இரைச்சல் மைக்ல ஏறும். அதைத் தேய்ச்சுத் தேய்ச்சு எடுக்க அத்தியாயத்துக்கு ரெண்டு மணி நேரம் ஆகுது எனக்கு. இது ஓடறதே தெரியாது."

"சாதாவும் புதுசுதானே? அது ஓடினா தெரியுமா?"

"தெரியும்."

"கேட்டுப் பார்த்தீங்களா?"

"கேட்கவே வேண்டாம். என் காதுக்குத் தெரியும்."

இந்த இடத்தில்தான் மனுஷர் வாயை மூடியிருக்க வேண்டும். மனைவிக்கு வேலை ரத்தப் பரிசோதனை ஆய்வகத்தில். அங்கே எந்தக் குழாயிலும் நோயாளியின் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். பெயர் தெரிந்தால் கண் பொய் சொல்லும் என்பது அவள் கட்சி. அந்தக் கட்சியை வீட்டுக்கும் கொண்டு வந்திருந்தாள். விலை கூடின சோப்பு, விலை கூடின காபித்தூள், விலை கூடின தலையணை என்று இவர் எதற்கு ஆசைப்பட்டாலும், லேபிளை மறைத்து ஒன்று இரண்டு என்று எண் போட்டு முன்னால் வைத்துவிடுவாள். மூன்றிலும் இவர் மட்டமானதைப் பிடித்துக்கொண்டு, 'ஆகா, தரம்னா இது தரம்' என்று உருகியிருக்கிறார். ஆனால் அதெல்லாம் மூக்கு, நாக்கு, பிடரி. காதை அவள் இதுவரை தொட்டதில்லை.

"சரி, ரெண்டையும் எடுத்துட்டு வாடா," என்றாள் தம்பியிடம். "ஒரு வாரம் ஒண்ணு, அடுத்த வாரம் இன்னொண்ணு. எது எந்த வாரம்னு அவருக்குச் சொல்லக் கூடாது. கதவைச் சாத்திட்டு மாட்டு. மூடி மேல நான் டேப் ஒட்டிக் கையெழுத்துப் போடறேன். மைக் வெச்சு அளக்கக் கூடாது, திரையில டிகிரி பார்க்கக் கூடாது. வெறும் காது. சரியா சொல்லிட்டீங்கன்னா ஆறு மடங்கு இருக்கட்டும். இனிமே மெஷின் விஷயத்துல நான் வாயே திறக்க மாட்டேன்."

"தப்பா சொன்னா?"

"அது கடைக்குத் திரும்பிப் போகும். 'என் காது'ங்கற பேச்சு இந்த வீட்டுல இனி வரவே கூடாது."

"சவால்!" என்றார் பாம்புச்செவி. குரல் கணீரென்று வந்தது. குரலுக்கு என்ன குறை, தொழிலே அதுதானே.

 ஆனால் கொஞ்ச நாளாக அவருக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. குக்கர் விசில் மூன்றா நான்கா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. எதிராளி மெதுவாகப் பேசினால் வாயைப் பார்க்க வேண்டியிருந்தது. ஐம்பத்திரண்டு வயசு. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பாம்புச்செவி போய் யாரிடம் சொல்வது? பாம்புக்குக் காது போனால் அப்புறம் அது வெறும் கயிறு. ஊரில் கயிற்றுக்குப் பயப்படுகிறவன் எவன்?

ஆகவே பரீட்சைக்குப் பயந்த எல்லாரும் செய்வதை அவரும் செய்தார். மறுநாள் மச்சானின் கடைக்குப் போனார்.

"மாப்ள, ஒரு சின்ன உதவி. விலை கூடினதை மாட்டின அன்னைக்கு, வெளியே வந்து காபி கேளு. சாதாவை மாட்டினா தண்ணி கேளு. அவ்வளவுதான்."

"அக்காவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடும் மாமா."

"எப்படித் தெரியும்? காபி கேட்கறது குத்தமா?"

மச்சான் இவர் கழுத்தில் தொங்கிய ஹெட்ஃபோனையே பார்த்தான். ஸ்டூடியோ நாட்களில் வாங்கியது. அதைப் போட்டுக்கொண்டு கேட்டால் பேசுகிறவனின் பல் இடுக்குகூடக் கேட்கும். பாம்புச்செவிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் கழற்றிக் கொடுத்தார். பதிலுக்குக் கடையில் கிடந்த ஒரு சோப்பளாங்கி ஹெட்ஃபோனை மச்சான் பெருந்தன்மையாக நீட்டினான்.

அடுத்த நாள் முதலாவது கூலர் ஏறியது. சாத்திய கதவுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் வேலை. மனைவி மூடியின் நாலு ஓரத்திலும் ஆய்வக டேப் ஒட்டி, 'மாதிரி 1' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மச்சான் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"மாமா, ஒரு காபி கிடைக்குமா?"

பாம்புச்செவியே ஓடிப்போய்ப் போட்டுக் கொடுத்தார். சர்க்கரை ஒரு கரண்டி கூடவே போட்டார்.

அப்புறம் அறைக்குள் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்தார். அடடா! ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. இதல்லவா நிசப்தம்! வாசித்தார், வாசித்தார், அப்படி வாசித்தார். ஐந்து அத்தியாயம் முடிந்தது. பழைய வழக்கப்படி இரைச்சலைத் தேய்த்து எடுக்க உட்கார்ந்தவர், கேட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டார். இல்லாத அழுக்கை எதற்குத் துவைப்பது? அப்படியே பதிப்பாளருக்கு அனுப்பினார். கூடவே, 'இதுபோல் சுத்தமான பதிவைத் தாங்கள் இதுவரை கேட்டிருக்க மாட்டீர்கள்' என்று ஒரு கடிதமும் எழுதினார்.

"எப்படி இருக்கு?" என்றாள் மனைவி.

"சொல்லக் கூடாதுல்ல?" என்று மர்மமாகப் புன்னகைத்தார். அன்றைக்கு அவள் வைத்த குழம்பில் உப்பே இல்லை. அதையும் மன்னித்துவிட்டார்.

இரண்டாம் வாரம் மச்சான் வந்தான், கதவைச் சாத்தினான், வேலையை முடித்தான், டேப் ஒட்டியாயிற்று.

"மாமா, கொஞ்சம் தண்ணி."

அந்த நிமிஷமே பாம்புச்செவிக்குத் தலை வலிக்க ஆரம்பித்தது. அறையில் உட்கார முடியவில்லை. உய்ங் என்று ஒரு இரைச்சல், அதற்கடியில் ஒரு உறுமல். தைலம் தடவிக்கொண்டார். காதில் பஞ்சு வைத்தார். பஞ்சையும் தாண்டி இரைந்தது. அந்த வாரம் மூன்று அத்தியாயம்தான் முடிந்தது. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்து அனுப்புவதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று.

"என்னங்க, முகம் இப்படி வாடிப் போச்சு?"

"சொல்லக் கூடாதுல்ல?" என்று முனகினார்.

தீர்ப்பு நாள் வந்தது. கூடத்தில் மனைவி ஒரு நாற்காலியில், மச்சான் ஒரு நாற்காலியில். பாம்புச்செவி மூன்று பக்கம் எழுதி வைத்துக்கொண்டு, தன் ஒலிப்புத்தகக் குரலில் நின்றபடி வாசித்தார்.

"முதல் வாரம், ஆறு மடங்கு. இரண்டாம் வாரம், சாதா. முதல் வாரத்தில் அறைக்குள் மௌனம் குடியிருந்தது. இரண்டாம் வாரத்தில் அரக்கன் குடியிருந்தான். விலைக்கும் தரத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று வாதாடுகிறவர்கள்..."

"போதும்," என்றாள் மனைவி. "நிச்சயமாத்தான் சொல்றீங்களா? மாத்திக்கறீங்களா?"

"என் காது சொன்னா சொன்னதுதான்!"

அவள் எழுந்து போய் பீரோவைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள். இரட்டை மாடிப் படம் போட்ட பெட்டி. மேலே கண்ணாடிக் காகிதம் சுற்றினது சுற்றினபடி. கம்பெனி முத்திரையில் ஒரு கீறல் இல்லை.

"இது... என்னது?"

"ஆறு மடங்கு."

"அப்ப உள்ள ஓடறது?"

"சாதா."

"முதல் வாரம்?"

"அதுவும் அதே சாதாதான். ரெண்டு வாரமும் ஒரே கூலர். அவன் உள்ள போய் முக்கால் மணி நேரம் போன்ல விளையாடிட்டு வந்தான்."

பாம்புச்செவி மச்சான் பக்கம் திரும்பினார். அவன் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்தில் அந்த ஹெட்ஃபோன்.

"டேய்! காபி கேட்டியேடா?"

"காபி வேணும்னுதான் கேட்டேன் மாமா."

"அவனைத் திட்டாதீங்க," என்றாள் மனைவி. "நீங்க போய் அவனைக் காக்கா பிடிப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். வருவாரு, குடுத்தா வாங்கிக்கோன்னு நான்தான் சொல்லி வெச்சேன்."

பாம்புச்செவி உட்கார்ந்துவிட்டார். மூன்று பக்கமும் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தன. ஏமாற்றப் போய் ஏமாந்தது அவருக்கு வலிக்கவில்லை. அது பழகின வலி. வேறொன்று வலித்தது.

"நான் பொய் சொல்லல," என்றார். "முதல் வாரம் எனக்கு நிஜமாவே சத்தம் கேக்கலடி. ரெண்டாவது வாரம் நிஜமாவே கேட்டுது."

"தெரியும்," என்றாள் அவள். முதல் தடவையாக அவள் குரல் இறங்கியது. "அதனாலதான் சொல்றேன். ஒரு காது டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாமே?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். பரிதாபப்பட்டது பொறுக்கவில்லை.

"எனக்கா? எனக்குக் காது டாக்டரா?" என்று துள்ளி எழுந்தார். "நீ லேபிளை மறைச்சா நான் செவிடாயிடுவேனா? வீட்டுல எனக்கு மரியாதை இல்லேன்னா போகட்டும். இந்தக் காதை நம்பி வெளியில ஒரு மனுஷன் இருக்கான்!"

மச்சான் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு மெல்லக் கிளம்பினான். ஆறு மடங்கு கொடுப்பதற்கு அது தகுமா, தகாதா என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. பாவம், அதை யாரும் ஓடவிட்டுக் கேட்கவே இல்லை.

அவன் வாசல் தாண்டுவதற்குள் இவர் போன் அடித்தது. திரையைப் பார்த்த பாம்புச்செவிக்கு உயிர் வந்தது. பதிப்பாளர்! இருக்கிற ஒரே பதிப்பாளர்! மனைவியின் முகத்துக்கு நேராகப் போனை நீட்டி, ஸ்பீக்கரைப் போட்டார்.

"வணக்கம் ஐயா! நல்லாக் கேட்டீங்களா? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. வீட்டுல எல்லாரும் இருக்காங்க."

"கேட்டேங்க. ரெண்டாவது வாரம் அனுப்பின மூணும் சுத்தமா இருக்கு. முதல் வாரம் அனுப்பின அஞ்சுலயும் ஃபேன் ஓடுதே தம்பி?"

"இருக்கவே இருக்காது ஐயா. நான் என் காதால கேட்டுட்டுத்தான்... உங்க ஸ்பீக்கர்ல ஏதாவது கோளாறு இருக்கும்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். எண்பது வயசாச்சு, நம்ம காதுல மாட்டியிருக்கிற மெஷின்தான் இரையுதோன்னு அதைக் கழட்டி மேஜை மேல வெச்சுட்டுக் கேட்டேன். அப்பவும் கேக்குது தம்பி!"