ஜீப்புக்குக் காவல்

பூட்டு இருந்தது. சங்கிலி இருந்தது. சங்கிலியின் ஒரு முனையில் தென்னை மரமும் மறுமுனையில் ஜீப்பும் இருந்தன. சாவியைத்தான் காணோம்.

மிராசுதார் இராஜாங்கம் மடியை உதறினார். சட்டைப் பையைக் கவிழ்த்தார். சீர்காழியில் காலை முகூர்த்தம். ஜீப்பில் போய் இறங்காவிட்டால் அவர் கல்யாணத்துக்குப் போவதிலேயே அர்த்தமில்லை.

"சங்கிலியை அறுத்திடலாங்களா ஐயா?" என்றான் டிரைவர் செல்லதுரை.

"புதுச் சங்கிலிடா. மரத்தை வெட்டு."

வெட்டினார்கள். மரம் நேராக மாட்டுக் கொட்டகைமேல் சாய்ந்தது. பசு மிரண்டு வேலியைத் தாண்டி அடுத்தவர் நாற்றங்காலில் இறங்கியது. அவரோடு சமாதானம் பேசி முடிப்பதற்குள் சீர்காழியில் பந்தியே முடிந்திருக்கும். வீட்டுக்குத் திரும்பி, பேப்பராவது படிக்கலாம் என்று இராஜாங்கம் மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். உள்ளே சாவி.

"பரவாயில்லைங்க. இனிமே அந்த மரத்தை எந்தத் திருடனும் கொண்டுபோக முடியாது" என்றாள் மனைவி நீலாம்பாள்.

எல்லாம் பக்கத்து ஊரில் ஒரு டிராக்டர் களவு போன நாளில் பிடித்த சனியன். ஜீப் பட்டாளத்து ஏலத்தில் எடுத்தது. சேறு, வரப்பு, வாய்க்கால் கரை எதுவானாலும் ஏறி இறங்கும். நில உச்சவரம்புச் சட்டம் வந்த பிறகு அவருக்கு மிஞ்சிய ஒரே கம்பீரம் அதுதான். நிலம் ஒன்றும் போய்விடவில்லை, பெயர்தான் போனது. கீழவயல் மைத்துனன் பேரில், மேலவயல் சமையல்காரர் பேரில், தோப்பு குலதெய்வத்தின் பேரில் என்று ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டார். கணக்கெடுக்க வந்த தாசில்தாரிடம் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "இந்த வீட்டுல எனக்குன்னு இருக்கிறது இந்த மூக்குக் கண்ணாடி ஒண்ணுதாங்க." தாசில்தார் கண் கலங்காத குறை. பந்தோபஸ்துக்கு வந்திருந்த ஏட்டு அல்லா பிச்சை, இவ்வளவு இல்லாதவரிடம் வாங்கிக் குடிப்பதா என்று இளநீரையே வேண்டாமென்று விட்டார்.

சங்கிலி சரிப்படவில்லை. அடுத்த யோசனையைச் செல்லதுரைதான் சொன்னான். பானட்டைத் திறந்து ரோட்டர் என்கிற சின்ன சாமானைக் கழற்றிவிட்டால், எப்பேர்ப்பட்ட திருடன் வந்தாலும் இன்ஜின் இருமுமே தவிர ஓடாது. இராஜாங்கத்துக்கு அது பிடித்துப்போயிற்று. தினமும் பொழுது சாய்ந்ததும் அதைக் கழற்றித் தன் மடியில் செருகிக்கொண்டார். ஒருநாள் மடியோடு வாய்க்காலில் குளிக்க இறங்கினார். பாதி ஊர் முங்கித் தேடியது. ஒரு சொம்பும் ஒற்றைச் செருப்பும் கிடைத்தன.

செல்லதுரை மாயவரம் போய் வாங்கி வந்தான்.

"ரெண்டா வாங்கிட்டேங்க ஐயா. நீங்க தொலைக்க ஒண்ணு, நான் ஓட்ட ஒண்ணு."

அன்றிலிருந்து இராஜாங்கத்துக்குப் புதுக் கவலை. நம்மிடமே இரண்டு இருந்தால் திருடனிடம் ஒன்று இருக்காதா? ஆள் வைத்து ஜீப்பைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டினார். அந்த வாரம்தான் அவர் பக்கத்துக்கு முறைத் தண்ணீர் வந்தது. வாய்க்கால் நிரம்பிக் கொல்லைக்குள் புகுந்து பள்ளத்தைச் சுற்றி வந்தது. ஜீப் தீவாகிவிட்டது. எதிர்வீட்டு வாத்துகள் அதைச் சுற்றி நீந்தின. தன் கம்பீரத்தை இராஜாங்கம் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாகச் செல்லதுரை ஏதோ இரண்டு கம்பிகளை இழுத்து நாலு சக்கரத்தையும் முடுக்கினான். ஜீப் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு மேலேறி, நீலாம்பாளின் கீரைப் பாத்தியில் வந்து நின்றது.

"திருடனே தேவலாம். கீரையை விட்டுட்டுப் போவான்" என்றாள் நீலாம்பாள்.

செல்லதுரை தலையைச் சொறிந்தான். "ஐயா, என் சம்சாரம் தங்கம்மாளும் நானும் வேளாங்கண்ணிக்குப் போகணுங்க. குழந்தைக்கு மொட்டை. ரெண்டு நாள் லீவு கொடுத்தீங்கன்னா..."

"நீ போயிட்டா வண்டியை யாருடா பார்த்துக்கிறது? இனிமே ராத்திரி நீ ஜீப்லயே படு."

படுத்தால் தூங்கிவிடுவானே. அதற்கும் இராஜாங்கம் வழி கண்டுபிடித்தார். ஒரு கயிற்றை அவன் கணுக்காலில் கட்டி, மறுமுனையை ஜன்னல் வழியாகக் கொண்டுவந்து தன் கால் கட்டைவிரலில் முடிந்துகொண்டார். விழிப்பு வரும்போதெல்லாம் ஒரு இழுப்பு. பதிலுக்கு அவன் ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். சில நாள் அப்படியே நடந்தது. ஒருநாள் விடியற்காலையில் அவர் இழுக்க, பதில் பலமாக வந்தது. மறுபடி இழுத்தார். கட்டைவிரலே கழன்றுவிடும்போல் இழுபட்டது. பொறுப்பான பயல் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் படுத்தார்.

வெயில் ஏறி எழுந்து பார்த்தபோது கயிற்றின் மறுமுனை கன்றுக்குட்டியின் கழுத்தில் இருந்தது. ஜீப்பையும் காணோம், செல்லதுரையையும் காணோம்.

மாட்டு வண்டியில் ஸ்டேஷன் வாசலில் போய் இறங்கியபோது அவமானத்தில் அவர் பாதியாகியிருந்தார். ஏட்டு அல்லா பிச்சை மரியாதையாக நாற்காலி போட்டார். ஜீப் களவு போன கதையை முழுக்கக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"இருங்க மிராசு. அந்த ஜீப்பைச் சங்கிலி போட்டுத் தென்னைமரத்துல கட்டினது நீங்கதானா?"

"நானேதான்" என்றார் இராஜாங்கம், பெருமை விடாமல்.

"ரோட்டரைக் கழட்டினது?"

"நான்தான் ஏட்டய்யா. தினமும் என் கையாலயே கழட்டுவேன்."

"சுத்திப் பள்ளம் வெட்டினது?"

"ஆள் வச்சு வெட்டினேன். வேற எவன் ஒரு வண்டியை இவ்வளவு அக்கறையாப் பார்ப்பான், சொல்லுங்க."

ஏட்டு பேனாவை மூடிவிட்டு, தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"நல்லவேளை நீங்களே வந்துட்டீங்க. தாசில்தார் வர்றதுக்கு முந்தின நாள் நீங்க பேர் மாத்தி எழுதிக் கொடுத்தீங்களே, அந்த ஜீப்போட சொந்தக்காரர் செல்லதுரை, வேளாங்கண்ணிக்குப் போற வழியில காலையிலேயே புகார் கொடுத்துட்டுப் போயிருக்காருங்க, யாரோ ஒருத்தர் அவர் வண்டியை எடுக்க விடாம இதெல்லாம் பண்றாருன்னு."