ஊதாவாகிப்போன நீல டீ

"இன்னாங்க இது? நீல டீ ஊதாவா பூட்ச்சு!" தேவயானி அலறினாள்.

கணவன் ஜெயபிரகாஷ் கையில் பிழிந்த எலுமிச்சை மூடி. "சப்புனு இருந்திச்சு. ரெண்டு சொட்டு வுட்டேன்."

சங்குப்பூவைக் கொதிக்கவைத்து எடுத்த டீ அது. எட்டாவது பிறந்தநாளுக்கு மேசைத் துணி, பலூன், கேக், டீ எல்லாமே நீலமாக இருக்க வேண்டும் என்பது மகள் ஹரிதாவின் உத்தரவு. நாலு மணிக்கு வகுப்புப் பிள்ளைகள் வருகிறார்கள். இப்போதே மூன்றரை.

நகரியிலிருந்து திருப்பதிக்குக் குடிவந்து மூன்று மாதம். புதுப் பள்ளியில் ஹரிதா தனியாகவே உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று டீச்சர் சொன்னதிலிருந்து தேவயானிக்குச் சரியான தூக்கம் இல்லை. போன வாரம்தான் ஹரிதா தானாகவே ஒன்பது பேரைக் கூப்பிட்டுவிட்டு வந்தாள். இன்றைக்குச் சொதப்பினால் அவ்வளவுதான்.

"சோடா உப்பு போட்டா மறுபடியும் நீலமாவுமாம்," என்றான் ஜெயபிரகாஷ், போனைப் பார்த்தபடி.

தேவயானி ஒரு கரண்டி நிறையப் போட்டாள். நீலமானது. கூடவே புஸ்ஸென்று பொங்கி, பக்கத்தில் இருந்த கேக் மேல் வழிந்தது.

"தொடைங்க, தொடைங்க!"

அவன் துடைத்த துடைப்பில் 'ஹரிதா'வில் 'தா' மட்டும்தான் மிஞ்சியது. கிரீம் காயட்டும் என்று மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தான். பலூன் தோரணம் அறுந்து இறக்கையில் சிக்க, நீலப் பலூன்கள் பட்பட்டென்று வெடித்தன.

ஹரிதா எட்டிப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க உள்ளே ஓடிவிட்டாள்.

"கொழந்த அழுவுதுங்க," என்றாள் தேவயானி.

அழைப்பு மணி அடித்தது.

ஒன்பது பேரும் வந்திருந்தார்கள். ஒருத்திகூட நீலத்தில் இல்லை. சாயம்போன கவுன், தையல் விட்ட பாவாடை, முழங்காலில் கிழிந்த பேன்ட். பிறந்தநாள் வீட்டுக்கு வருகிற லட்சணமா இது? மகளை இவ்வளவுதான் மதிக்கிறார்கள் என்று நினைத்ததும் தேவயானியின் முகம் சுண்டிப்போனது.

இருந்தாலும் உட்காரவைத்து டீ கொடுத்தாள். முதல் வாய் குடித்த சிறுமி அதை அப்படியே துப்பினாள். துப்பியது மேசைத் துணியெல்லாம் தெறித்தது.

தேவயானிக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"கோச்சுக்காதீங்க கண்ணுங்களா. எல்லாம் நீலமா, அழகா பண்ணணும்னு பார்த்தேன். ஒண்ணுமே ஒழுங்கா வரல."

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் குட்டையாக இருந்த கன்னிகாதான் வாயைத் திறந்தாள்.

"நீலமா? 'எங்கம்மா இன்னா செஞ்சாலும் கோக்குமாக்கா பூடும், செம ஜாலியா இருக்கும், பழைய துணி போட்டுக்கினு வாங்க'ன்னுதானே ஆன்ட்டி ஹரிதா எங்கள கூப்ட்டா?"