குண்டானுக்குள் வளையல் சத்தம்

“இன்னாய்யா இது, ஒவ்வொரு அடிக்கும் ஜல்லுனு வளையல் குலுங்குது?” என்று கேட்டார் கிரிவலப் பாட்டு சி.டி. போடும் சக்கரபாணி.

இராமலிங்கம் தலையைச் சொறிந்தான். வீட்டின் முன்னறைதான் அவனுடைய ஸ்டுடியோ. எந்தச் சத்தத்தையும் டேப்பில் பிடித்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, முன்னும் பின்னும் வெட்டி, டிரம் சாஃப்ட்வேர் ஏற்கிற ஃபைலாக மாற்றிவிடுவான். அப்புறம் கீயைத் தட்டினால் தாளம் வரும். எந்த மேளத்திலும் கிடைக்காத ஒரு கணீர் அடி, மனைவி திரௌபதியின் சோற்றுக் குண்டானில் கிடைத்தது. குண்டான் நசுங்கியது. கோபித்துக்கொண்ட திரௌபதி, ஊரிலிருந்து வந்திருந்த தன் அம்மாவோடு அன்று சாயங்காலமே கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறிவிட்டாள்.

அந்த அடியின் வாலில் வளையல் சத்தம் ஒட்டியிருப்பது அவள் போன பிறகுதான் தெரிந்தது. வெட்ட மனசு வரவில்லை. ஓட்டல் இட்லி ஆறிப்போக, கீயைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“எடுத்துட்றேங்க” என்றான் இப்போது.

வளையலை வடிகட்டினான். குண்டானும் கூடவே போய், ஈரச் சாக்கில் அடித்த மாதிரி ஆனது. வாலைக் குறுக்கினான். தாளத்துக்கு விக்கல் வந்தது. வேறு குண்டான்களை அடித்துப் பார்த்தான். “பொண்டாட்டி போனதும் புத்தி பெசகிடுச்சு” என்று பக்கத்து வீட்டுப் பொன்னி தெருவெல்லாம் சொன்னாள்.

“பழசே தேவல. அம்மன் கொலுசுனு நெனச்சுக்குவாங்க” என்று சக்கரபாணி தோற்றுப்போனார்.

பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை ஊர்க் கடைகளில் எல்லாம் அந்த வளையல் குலுங்கியது. நடக்கிற கூட்டத்தில் இராமலிங்கம் முகம் முகமாகத் தேடினான். அவள் இல்லை. மறுநாள் சி.டி.யோடு மாமியார் வீட்டில் போய் நின்றான்.

“கேளு திரௌபதி, உன் வளையல். நீ இல்லாத வீட்ல இதக் கேட்டுக்கிட்டுதான் சோறு துன்றேன். ஒரு வாட்டி தட்டுனா நீ பின்னால வந்து நிக்கிற மாதிரியே இருக்கும். சில நாளு அழுதுடுவேன்.”

திரௌபதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இன்னொரு வாட்டி போடுங்க” என்றபடி துணிகளைப் பையில் எடுத்து வைத்தாள்.

மறுபடி பாட்டு ஓடியது. அடுப்படியிலிருந்து மாமியார் ஆதிலட்சுமி வெட்கத்தோடு தலையை நீட்டினாள்.

“அது என்னோட வளையலு மாப்ள. அன்னிக்கு நீங்க கண்ண மூடிக்கிட்டு அடிச்சப்போ, குண்டானத் தேடிக்கிட்டு பின்னால வந்து நின்னது நான்தான்.”