பூட்டிய வகுப்பறையும் மூன்று நெறிகளும்

ஏலாக்குறிச்சி,
புதன்கிழமை.

அன்புள்ள தம்பி லியோ பிரபுவுக்கு,

மாதாவின் அருளால் நீயும் ஆனி ரோஸும் பிள்ளைகளும் பெரம்பலூரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அண்ணி மரிய புஷ்பத்துக்கு முழங்கால் வலி, எனக்குத் தூக்கமில்லை, மற்றபடி சுகம்.

உனக்குத் தலைமை ஆசிரியர் பதவி வரப்போகிறது, என்னென்ன நெறிகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தாய். நல்ல ஆளைத்தான் கேட்டாய். போன ஜூனில் நான் பதவியேற்றதும் மூன்று நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டு, ஆளுக்கொரு அட்டை கொடுத்து, பள்ளியை நடத்த மூன்று நெறிகளை எழுதச் சொன்னார்கள். உண்மை, துணிவு, கனிவு என்று எழுதினேன். கையெழுத்து நன்றாக இருந்ததால் என் அட்டையைச் சுவரில் ஒட்டிக் கைதட்டினார்கள். என் நல்ல காலம் அத்தோடு முடிந்தது.

கீழப்பழுவூரைத் தாண்டி, சிமெண்ட் லாரி போகும் ரோட்டோரம்தான் பள்ளி. போய்ப் பார்த்தால் ஆறாம் வகுப்புக் கூரையில் கம்பி தெரிகிறது. ஆபத்து என்று உள்ளதை உள்ளபடி மேலிடத்துக்கு எழுதினேன். ஆபத்தென்றால் பூட்டி வையுங்கள் என்று பதில் வந்தது, பூட்டினேன், இருபத்திரண்டு பிள்ளைகளையும் வேப்பமரத்தடியில் உட்கார வைத்தேன், லாரி போகப் போகப் பிள்ளைகள் வெள்ளையடித்தது போல ஆனார்கள், கட்டடம் இருக்கும்போது ஏன் புழுதியில் போட்டிருக்கிறீர்கள் என்று பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள், நான்கு பேர் டி.சி. வாங்கிக்கொண்டு போனார்கள், ஏன் போனார்கள் என்று மேலிடம் விளக்கம் கேட்டது, விளக்கத்தில் வேப்பமரத்தைக் குறிப்பிட்டதால், மரத்தடியில் வகுப்பு நடத்த யார் அனுமதித்தது என்று இன்னொரு விளக்கம் கேட்டார்கள்.

ஐப்பசி மழை பிடித்தது. பிள்ளைகள் தாழ்வாரத்தில் நின்றுகொண்டே பாடம் கேட்டார்கள். பெற்றோர் சங்கத் தலைவர் காசிநாதன் பத்துப் பேரோடு வந்து, "ரெண்டு நாளைக்குத்தானே சார். ஒன்னும் ஆவாது, தொறந்து வுடுங்க" என்றார். மறுத்துப் பேசத் துணிவில்லை. அதற்குக் கனிவு என்று மனத்துக்குள் பெயர் வைத்துக்கொண்டு, நானே பூட்டைத் திறந்தேன்.

மூன்றாம் நாள் மதியம் பிள்ளைகள் சாப்பாட்டு வரிசையில் நின்றார்கள். சத்துணவு சமைக்கும் கொளஞ்சியம்மாள், ஒரு பிள்ளை மறந்துவிட்டு வந்த தட்டை எடுக்க அந்த அறைக்குள் போனார். கூரைப் பூச்சு பெயர்ந்து அவர் தோளில் விழுந்தது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. பிள்ளைகள் யாருக்கும் ஒன்றுமில்லை. பத்து நிமிடம் முன்னதாக விழுந்திருந்தால் எப்படி என்ற கணக்கைத்தான் நான் தினமும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு மேலிடத்து அதிகாரி வந்தார். நான் வாய் திறப்பதற்குள் கொளஞ்சியம்மாள் முந்திக்கொண்டு, "சார் பூட்டித்தாங்க வெச்சிருந்தாரு. சாமான் வைக்கலாம்னு நான்தான் தொறந்துட்டேன்" என்றார். அதிகாரி எழுதிக்கொண்டார். நான் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் போனதும், ஏம்மா இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அடுத்து யாரு வருவாங்களோ தெரியாது சார். நீங்கன்னா யாரு எது சொன்னாலும் தலையாட்டுறவரு. இருந்துட்டுப் போங்க."

இருபத்தாறு வருட வேலையில் என்னை இவ்வளவு சரியாக யாரும் எடை போட்டதில்லை.

ஆகவே தம்பி, நேற்று பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பழையபடி கணக்கு வாத்தியாராக இருந்துவிடுகிறேன். நீயும் அந்த நாற்காலிப் பக்கம் போகாதே. நெறி எல்லாம் அட்டையில் எழுதத்தான்.

ஆனி ரோஸுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர். அடைக்கல மாதா உங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
செபஸ்டின்.

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது அதிகாரி போன் செய்தார். பூட்டிய அறையைத் திறந்ததற்காகக் கொளஞ்சியம்மாளை வேலையிலிருந்து நீக்குகிறார்களாம், தாளில் என் கையெழுத்து வேண்டுமாம். "தொறந்தது நான்தாங்க சார்" என்றேன். அப்படியானால் விசாரணை உண்டு, அது முடியும்வரை பதவியை விட்டுப் போக முடியாது என்றார். சஸ்பெண்ட் வரும்போல் இருக்கிறது. உன் அண்ணி அழுது முடித்துவிட்டு, விசாரணைக்குப் போட்டுக்கொள்ளச் சட்டை தேய்க்கிறாள். மேலே எழுதிய புத்திமதியை அடித்துவிட்டுப் படி. நீ பதவியை வாங்கிக்கொள். நீ வேண்டாம் என்றால், இந்த மாதிரித் தாளில் வேறு யாராவது கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.