தாப்பாள் மாமா சாத்தாமல் போன கதவு

கடலூர் ஜில்லாவில் திறந்து கிடக்கும் எதையும் சும்மா விடாத ஒரே ஜீவன், எங்கள் ஆபீஸ் தாப்பாள் மாமாதான். ஊறுகாய் பாட்டில், தண்ணீர்க் குழாய், முதலாளியின் வாய், எதுவானாலும் மூடிவிட்டுத்தான் மறுவேலை. ஒருமுறை சிதம்பரம் பஸ்ஸில் ஆலப்பாக்கம் வரை போனவர், ஜன்னல் ஞாபகம் வந்து இறங்கித் திரும்பி வந்தார். நான் அப்போதே சாத்தியிருந்தேன். அதைத் திறந்து, தன் கையால் மறுபடி சாத்திவிட்டுப் போனார்.

2007-இல் குடிகாடு பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலைக்கு நாங்கள் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தோம். தொட்டியில் அமிலம் ஏற ஏற, திரையில் கோடு ஏறும். பின்னால் த்ரெட் என்று, புரோகிராமுக்குள்ளேயே தனியாக ஓடும் ஒரு குட்டி வேலையாள், அளவை வாங்கி வந்து வரையும். சில மணி நேரம் ஜோராக ஓடிவிட்டு, கோடு அப்படியே உறைந்துவிடும். தொட்டி வழிந்தாலும் திரை பாதிதான் என்று சாதிக்கும். முதலாளியின் வைத்தியம்: டீ வரும்போதெல்லாம் ரீஸ்டார்ட். அதைக் கையேட்டிலேயே அச்சடித்துவிட்டார்.

ஒருநாள் அடைமழை. டீ வரவில்லை. எனவே ரீஸ்டார்ட்டும் நடக்கவில்லை. அமிலம் தொட்டி விளிம்பு வரை வந்துவிட்டது. நல்லவேளை, ஆபரேட்டர் எட்டிப் பார்த்து வால்வை அடைத்தார்.

மாமா அந்தப் பக்கத்தைக் கையேட்டிலிருந்து கிழித்தார். இனி ரீஸ்டார்ட் பேச்சே கூடாதென்று முதலாளியிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரிடம் எது எவ்வளவு வாங்குகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரை மூன்று நாள் வைத்த கண் வாங்காமல் பார்த்தார். கண்டுபிடித்தும்விட்டார். ஒவ்வொரு கோட்டுக்கும் கம்ப்யூட்டரிடம் ஒரு பேனா கேட்டு வாங்கிய அந்த த்ரெட், ஒன்றைக்கூடத் திருப்பித் தரவில்லை. கேட்டுக் கேட்டு ஒருகட்டத்தில் கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது. வரைந்ததும் பேனாவைத் திருப்பிக் கொடுக்க மாமா ஒரு வரி சேர்த்தார்.

அந்த மகா காரியத்தை எழுதியவள் நான். வேலை போனால் மறுவாரமே கல்யாணம் என்று வீட்டில் காத்திருந்தார்கள்.

"யாருய்யா எழுதனது?" என்றார் முதலாளி.

"தொறந்தது யாருன்னு எதுக்கு சார்? நான் மூடிட்டேன்."

பேரைச் சொல், இல்லாவிட்டால் நீ கிளம்பு என்றார் முதலாளி. மாமா மேஜை டிராயரைச் சாத்தினார், என் தண்ணீர் பாட்டிலைத் திருகி மூடினார், கிளம்பிவிட்டார். வாசல் கதவை மட்டும் ஆவென்று திறந்து போட்டுவிட்டுப் போனார்.

"கதவ சாத்தும்மா," என்றார் முதலாளி.

"எழுதனது நான்தான் சார். அவரு வர்ற வரைக்கும் சாத்த மாட்டேன்."

எங்கள் இரண்டு பேரையும் அனுப்பினால் ஆபீஸில் மிச்சம் முதலாளி மட்டும்தான். அது அவருக்கும் தெரியும். போனை எடுத்தார்.

மறுநாள் காலை முதுகுக்குப் பின்னால் அந்தக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே அழுதுவிட்டேன்.