பெரியவர் அமுக்கிய நீலம்

மேலதிகாரி கண்ணுக்கு நீலமாகத் தெரிவது உங்கள் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிந்தால், தப்பு யார் மேல் சொல்லுங்கள் பார்ப்போம்?

உங்கள் மேல்தான். தபால் பிரிவு அக்காவுக்கு இது கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

அவள் ஆபீசின் பெரியவர் ஆபீசுக்கு வருவதில்லை. வீட்டில் உட்கார்ந்தபடியே ஆபீஸ் கம்ப்யூட்டரைத் தன் திரைக்கு வரவழைத்து நிர்வாகம் செய்வதுதான் இப்போது நாகரிகம். விண்ணப்பம் எதுவானாலும் இரண்டே பொத்தான். நீலம் என்றால் அனுமதி, சிவப்பு என்றால் மறுப்பு. எழுத்து கிடையாது, எழுத்து இருந்தால் அதிகாரிகள் படிக்க வேண்டி வரும்.

திங்கட்கிழமை அக்கா லீவு கேட்டாள். வெள்ளிக்கிழமை மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள். "நீதான் வந்து விடணும். அப்பா வந்தா நான் உள்ள போகமாட்டேன்" என்று குட்டி கறாராகச் சொல்லியிருந்தது. லீவு சிவப்பாகத் திரும்பி வந்தது.

போன் போட்டாள்.

"ஐயா, லீவை மறுத்துட்டீங்களே?"

"நான் நீலத்தைத்தானேம்மா அமுக்கினேன்."

"இங்க சிவப்பு விழுந்திருக்குங்க ஐயா. உங்க திரையில நிறம் மாறித் தெரியுதோ என்னமோ."

"என் திரையிலயா? ஆபீஸ்லதான் மாறியிருக்கும்."

மறுநாளே குழு கூடியது. மேலிடத்துப் பார்வையே நிறத்தின் இறுதி நிலை என்று தீர்மானித்து, இனி ஆபீஸ் எல்லைக்குள் சிவப்பு நீலமாகவும் நீலம் சிவப்பாகவும் கொள்ளப்படும் எனச் சுற்றறிக்கை விட்டது. அதை நம்பி, வெந்நீர் வரும் சிவப்புக் குழாயில் வாய் கொப்பளித்த கணக்கர் நாக்கு வெந்து இரண்டு நாள் பேசவில்லை. சுற்றறிக்கையால் விளைந்த முதல் நன்மை இது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

அக்கா மறுபடி விண்ணப்பம் போட்டாள். இனி என்ன பயம்? அவர் நீலமென்று நினைத்துச் சிவப்பை அமுக்குவார். சிவப்புதான் இப்போது நீலமாயிற்றே.

வியாழக்கிழமை காலை, பெரியவரின் புதுப் படத்தை ஆபீஸ் திரையில் போட்டார்கள். வீட்டில் அவர் பார்த்தபோது, முகம் சாயத்தொட்டியில் முக்கியெடுத்த மாதிரி நீலமாக இருந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க இது, மூச்சு நின்னவர் மாதிரி?"

அடுத்த நிமிஷமே, கம்ப்யூட்டர் பார்க்கும் ஒயர் அண்ணனுக்கு உத்தரவு பறந்தது. அவர் நிற அமைப்பைத் திறந்து சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றிக் காட்டிய ஒரு டிக்கை எடுத்தார். முடிந்தது.

"இவ்வளவுதானா? அன்னைக்கே பண்ணியிருக்கலாமே அண்ணே" என்றாள் அக்கா.

"என்னை யாரும்மா கேட்டா? குழுவுக்கு நாற்காலி போடத்தான் கூப்பிட்டாங்க."

அக்காவின் இரண்டாவது விண்ணப்பத்தில் பெரியவர் அசல் நீலத்தைப் பார்த்தார், மனம் குளிர்ந்தார், அமுக்கினார். நீலமே விழுந்தது. சுற்றறிக்கைப்படி அது சிவப்பு. லீவு மறுப்பு.

சுற்றறிக்கையை ரத்து செய்யலாமென்றால் குழு கூட வேண்டும். குழுத் தலைவரோ நேற்றைய சிவப்பில் லீவு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்.

அக்கா ஒயர் அண்ணனின் மேசைக்கு ஓடினாள். அங்கே ஏற்கெனவே நீலம் விழுந்தவர்களின் வரிசை. முன்னால் நின்ற கணக்கர், வாய் பேசமுடியாமல் கையைக் கூப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் வரிசையைத் தாண்டிப் போனாள்.

"அண்ணே, கோடிப் புண்ணியமாப் போகும். மூணாவது விண்ணப்பம் போட்டிருக்கேன். அந்த டிக்கை மறுபடியும் போட்டுவிடுங்க. சாயந்திரம் வரைக்கும் பெரியவர் நீலமாவே இருக்கட்டும்."