காத்தமுத்துவின் வயிறும் ஆறு மணி பஸ்ஸும்

"அண்ணே, இன்னும் எவ்வளவு நேரம்?"

முக்தாரின் தேத்தண்ணிக் கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றைக் கக்கூஸின் தகரக் கதவைத் தட்டினான் கொண்டக்டர் சதீஸ். உள்ளே டிரைவர் காத்தமுத்து. ரோட்டில், தோட்டத்திலிருந்து பலாங்கொடைக்கு இறங்கும் காலை ஆறு மணி பஸ்.

"வரேன்டா! மனுசன் அவஸ்த தெரியாம கதவ ஒடைக்காத!"

இது பத்தாவது நாள். தொண்டை வலிக்கென்று பக்கத்து வீட்டில் மிஞ்சிக் கிடந்த கெப்சூல்களை வாங்கி விழுங்கினார். தொண்டை ஆறியது, வயிறு அவிழ்ந்தது. வயிற்றுக்கும் அதே கெப்சூலைப் போட்டார். ஐந்து நிமிடம் நின்ற பஸ் பதினைந்து நிமிடம் நின்றது.

அன்று மாலை பஸ் முதலாளி போனில் கத்தினார். "முக்தார் கட ஸ்டொப்ப பத்தி பயணிங்க பெட்டிசன் குடுத்திருக்காங்க. மாசக் கடைசிக்குள்ள சரி பண்ணு. இல்லாட்டி சாவியக் குடு!"

பதினாறு வருடம் பிடித்த ஸ்டியரிங். காத்தமுத்து டிஸ்பென்சரிக்கு ஓடினார்.

"குடலுக்குள்ள நல்ல கிருமியும் இருக்கு," என்றார் டொக்டர் இன்ஷிரா. "சாப்பாடு செமிக்க உதவுறதும், கெட்டத அண்ட விடாம பாத்துக்கிறதும் அதுங்கதான். கெப்சூல் போட்டு அதையும் சேத்துக் கொன்னுட்டீங்க."

"காலியான லயத்து வீடு மாதிரியா டொக்டர்?"

"அதேதான். கண்ட கிருமியும் குடி வந்திருச்சு. இனிக் கெப்சூல் வேணாம். கஞ்சி, வாழப்பழம், கொஞ்சம் தயிர். மெதுவா சரியாகும்."

'கொஞ்சம்', 'மெதுவா' இரண்டும் காத்தமுத்துவின் காதில் ஏறவில்லை. வழியிலேயே ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கி, இனிக்க இனிக்கக் கித்துள் பாணி ஊற்றி, அடி தெரிய வழித்துத் தின்றார். மறுநாள் பஸ் அரை மணி நேரம் நின்றது.

"முக்தார் நானா, நீங்களாச்சும் என் நெலமைக்கு வருத்தப்படுங்க!"

"வருத்தம்தான் காத்தமுத்து," என்றார் முக்தார். "பிளேன்டீ ஊத்தி ஊத்திக் கை வலிக்குது."

அதன்பிறகுதான் புத்தி வந்தது. இரண்டு வாரம் கஞ்சி, பழம், கீரை. தயிர் மூன்றே கரண்டி. நல்ல கிருமிகள் ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பி வந்தன போலும்.

மாசக் கடைசித் திங்கட்கிழமை. முக்தார் கடை வளைவு வந்தது. வயிறு கப்சிப். காத்தமுத்து ஹோர்னை அடித்துக்கொண்டு நிற்காமல் கடையைத் தாண்டினார்.

பின்னால் மணி அலறியது. ஒரு கை அல்ல, பத்துக் கை. சந்தோஷத்தில் அடிக்கிறார்கள் என்று நினைத்து அவர் வேகத்தைக் கூட்டினார்.

பெட்டிசன் எழுதிய சுதர்ஷினி டீச்சர் சீட்டுகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தாள். "நிப்பாட்டுங்கண்ணே!"

"எல்லாம் சரியாயிருச்சு டீச்சர்! இனி ஒருநாளும் அங்க நிக்காது!"

"ஐயோ, எங்க எல்லாரு வயிறும் அந்த எடத்துக்கே பழகிருச்சு! பஸ் நிக்குதுன்னு யாருண்ணே பெட்டிசன் போட்டா? நின்ன ஒடனே மொத ஆளா நீங்க ஓடிப்போய்க் கக்கூஸப் பூட்டிக்கிறீங்கன்னுதான் போட்டோம்!"